கூகுள் தேடலில் தளம் சரிந்துவிட்டது: காத்திருப்பதா, திருத்துவதா, நீக்குவதா, புது டொமைனுக்குப் போவதா?

"போன வாரம் வரை முதல் பக்கத்தில் இருந்தேன், இப்போது ஐந்தாம் பக்கத்திலும் காணோம், பழைய கட்டுரைகளை எல்லாம் தூக்கிவிடட்டுமா, இல்லை புது டொமைன் வாங்கிவிடட்டுமா?" இந்தக் கேள்வி கிட்டத்தட்ட வார்த்தை மாறாமல் என்னிடம் வந்துகொண்டே இருக்கிறது. கேட்பவர்களின் பதற்றம் புரிகிறது. வருடக்கணக்கில் உட்கார்ந்து எழுதிய தளம், அதிலிருந்து வரும் பணத்தில்தான் மாதம் ஓடுகிறது, அது இரண்டே வாரத்தில் பாதியாகிவிட்டால் யாருக்கும் கை சும்மா இருக்காது. ஆனால் அந்த முதல் இரண்டு வாரத்தில் கை சும்மா இல்லாததால்தான் பல தளங்கள் மீள முடியாத இடத்துக்குப் போகின்றன. சரிவு தானாக வந்தது, அதன் பிறகு நடந்த சேதம் தளத்துக்காரரே செய்தது. அதைத் தடுக்கத்தான் இந்த ஒப்பீடு.

## முதலில், விழுந்தது ரேங்க்தானா?

எதைத் தேர்ந்தெடுப்பது என்று யோசிக்கும் முன் ஒரு மணி நேரம் செர்ச் கன்சோலில் (தளம் தேடலில் எப்படி இருக்கிறது என்று தளத்துக்காரருக்குக் காட்டும் கூகுளின் கருவி) செலவிடுங்கள். கிளிக், இம்ப்ரெஷன் (தேடல் முடிவில் உங்கள் பக்கம் எத்தனை முறை காட்டப்பட்டது), சராசரி இடம் மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், ஒன்றை மட்டும் பார்த்தால் ஏமாற்றிவிடும்.

இடம் அப்படியே இருக்க, இம்ப்ரெஷனும் கிளிக்கும் குறைந்திருந்தால், அந்த விஷயத்தைத் தேடுகிறவர்களே குறைந்திருக்கிறார்கள். பருவத்தைச் சார்ந்த தலைப்புகளில் இது வருடாவருடம் நடக்கும். செர்ச் கன்சோலில் 16 மாதத் தரவு இருப்பதால், போன வருடம் இதே வாரங்களோடு ஒப்பிட்டாலே தெரிந்துவிடும். இடமும் இம்ப்ரெஷனும் மாறாமல் கிளிக் மட்டும் குறைந்தால், உங்களுக்கு மேலே வேறு ஏதோ வந்து உட்கார்ந்திருக்கிறது: கூடுதல் விளம்பரம், வீடியோ வரிசை, அல்லது 2024 மே மாதம் அமெரிக்காவில் தொடங்கிப் பிறகு பரவிய ஏஐ சுருக்கம். இந்த இரண்டு நிலையிலும் கீழே சொல்லப்போகும் பாதி வழிகள் உங்களுக்குப் பயனே தராது, ஏனென்றால் தளத்தில் சரிசெய்ய எதுவும் இல்லை.

இன்னொரு குழப்பமும் உண்டு. 2025 செப்டம்பரில் கூகுள், ஒரே பக்கத்தில் 100 முடிவுகளை வரவழைக்கும் வசதியை நிறுத்தியது. ரேங்க் பார்க்கும் மென்பொருள்கள் அதைத்தான் பயன்படுத்திவந்தன. அது நின்றதும் பலருடைய கணக்கில் இம்ப்ரெஷன் சரிந்து, சராசரி இடம் மட்டும் உயர்ந்ததுபோல் காட்டியது. அந்தத் தேதியைத் தாண்டி ஒப்பிடுகிறீர்கள் என்றால் கிளிக்கை மட்டும் நம்புங்கள். தேடாமலே கூகுள் செயலியில் தானாக வரும் கட்டுரை வரிசையான டிஸ்கவர் வழியாக வரும் வருகைக்குத் தனி அறிக்கை இருக்கிறது, அதையும் தேடலையும் கலக்காதீர்கள். டிஸ்கவர் ஒரே நாளில் நின்றுபோவது சாதாரணம். தளத்துக்கு வருபவர்களை எண்ணும் அனலிடிக்ஸில் சரிவு தெரிந்து செர்ச் கன்சோலில் தெரியவில்லை என்றால், தீம் மாற்றியபோது வருகையைக் கணக்கிடும் நிரல் வரி காணாமல் போயிருக்கலாம்.

இவை எதுவும் இல்லை, இடமே விழுந்திருக்கிறது என்றால் மூன்று இடங்களைப் பாருங்கள். மேனுவல் ஆக்‌ஷன் பக்கம். விதிமீறலுக்காகக் கூகுள் ஊழியர்கள் நேரடியாகப் போடும் தண்டனை அதில் தெரியும். பாதுகாப்புச் சிக்கல்கள் பக்கம். அப்புறம் கூகுளின் தேடல் நிலைப் பலகை, அதில் ஒவ்வொரு அப்டேட்டும், அதாவது ரேங்க் போடும் முறையில் கூகுள் செய்யும் மாற்றமும் (பெரிய, பொதுவான மாற்றத்துக்குக் கோர் அப்டேட் என்று பெயர்), எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடிந்தது என்று போட்டிருப்பார்கள். உங்கள் வரைபடம் உடைந்த தேதியை அதோடு பொருத்திப் பாருங்கள்.

## எதை வைத்து எடை போடுவது?

நான் நான்கு விஷயங்களைப் பார்ப்பேன். இந்த வழி உங்கள் சரிவின் காரணத்துக்குப் பொருந்துகிறதா? தவறாகப் போனால் பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா? பலன் தெரிய எவ்வளவு நாள் ஆகும், அதுவரை உங்கள் வருமானம் தாங்குமா? முன்பே கண்ணில் படாத செலவு எங்கே ஒளிந்திருக்கிறது?

இதில் எனக்கு மிக முக்கியம் இரண்டாவது. காரணம் நூறு சதவீதம் உறுதியாகத் தெரிவது அபூர்வம், ஊகத்தில்தான் இறங்குகிறோம், அதனால் திரும்பப் பெறக்கூடிய காரியங்கள் முதலில், முடியாதவை கடைசியில் என்ற வரிசையை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்.

| வழி | எப்போது பொருந்தும் | திரும்பப் பெறலாமா | பலன் தெரிய |
|---|---|---|---|
| காத்திருப்பது | அப்டேட் இன்னும் முடியவில்லை, சரிவு சிறியது | ஆம் | சில வாரங்கள் |
| தொழில்நுட்பத் திருத்தம் | இன்டெக்ஸ் (கூகுளின் தேடல் பட்டியல்), சர்வர், ஹேக் சிக்கல் | ஆம் | சில நாள் முதல் சில வாரம் |
| பக்கங்களைத் திருத்துவது | கோர் அப்டேட்டில் பெரிய சரிவு | ஆம், பழைய பிரதி இருந்தால் | பல மாதங்கள் |
| பக்கங்களை நீக்குவது | காப்பாற்றவே முடியாத பக்கங்கள் | பாதிதான் | பல மாதங்கள் |
| லிங்க்குகளை மறுப்பது | லிங்க் காரணமான மேனுவல் ஆக்‌ஷன் | மெதுவாக | வாரங்கள் முதல் மாதங்கள் |
| புது டொமைன் | பழைய பெயரே சுமையான அபூர்வ நிலை | கிட்டத்தட்ட இல்லை | மாதங்கள், சில சமயம் வருடம் |
| ஆலோசகர் | பெரிய தளம், சிக்கலான இடமாற்றம் | அவர் செய்வதைப் பொறுத்தது | வேலையைப் பொறுத்தது |

## காத்திருப்பது

கோர் அப்டேட் என்பது ஒரே நாளில் முடிகிற விஷயம் இல்லை. வழக்கமாக இரண்டு மூன்று வாரம் ஆகும், 2024 மார்ச்சில் வந்தது முடிய 45 நாள் ஆனது. அந்த நாட்களில் உங்கள் இடம் ஏறும், இறங்கும், சில சமயம் முழுதாகத் திரும்பியும் வரும். அப்டேட் முடிந்து ஒரு முழு வாரம் கழித்துத்தான் முன்பின் ஒப்பிட்டுப் பாருங்கள் என்று கூகுளே தன் ஆவணத்தில் சொல்கிறது. இரண்டாம் இடத்திலிருந்து நான்காம் இடத்துக்கு வந்திருந்தால் பெரிதாக எதையும் மாற்ற வேண்டாம், நான்கிலிருந்து 29க்குப் போயிருந்தால் தளத்தை முழுதாக ஆராயுங்கள் என்பதும் அதே ஆவணத்தில் உள்ள உதாரணம்தான்.

இதன் மறைமுகச் செலவு காலம். அப்டேட்டால் விழுந்தவர் காத்திருப்பதில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் மேனுவல் ஆக்‌ஷன் வந்தவரோ, தளம் ஹேக் ஆனவரோ காத்திருந்தால் ஒவ்வொரு நாளும் நஷ்டம், அது தானாகச் சரியாகும் என்று நம்பி உட்காரக் கூடாது. காத்திருக்கும் நாட்களில் செய்யக்கூடிய நல்ல வேலை ஒன்று உண்டு: விழுந்த பக்கங்கள் எவை, விழாத பக்கங்கள் எவை என்று இரண்டு பட்டியல் எழுதுவது. பின்னால் எந்த வழியை எடுத்தாலும் அந்தப் பட்டியல்தான் உதவப்போகிறது.

## தொழில்நுட்பக் கோளாறைச் சரிசெய்வது

காரணம் இதுவாக இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி, ஏனென்றால் எல்லாவற்றிலும் சீக்கிரம் மீள்வது இதில்தான். சோதனைத் தளத்தில் போட்டிருந்த, பக்கத்தைத் தேடலில் காட்டாதே என்று சொல்லும் நோ-இன்டெக்ஸ் குறி அப்படியே நேரடித் தளத்துக்கு வந்துவிடுவது, தேடுபொறி எதைப் படிக்கலாம் என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பில் ஒரே ஒரு வரி முழுத் தளத்தையும் மூடிவிடுவது, ஒரே பக்கத்தின் பல பிரதிகளில் எது மூலம் என்று காட்டும் கனானிக்கல் முகவரி தவறாகப் போவது, பக்கங்களைப் படிக்கும் கூகுளின் தானியங்கி நிரலான பாட் வரும் நேரத்தில் மட்டும் சர்வர் 500 வரிசைப் பிழைகளைக் கொடுப்பது, இவை நான்கும்தான் திரும்பத் திரும்பக் காணும் காரணங்கள். விழுந்த பக்கம் ஒன்றை எடுத்து செர்ச் கன்சோலின் யூஆர்எல் சோதனைக் கருவியில் போட்டால் பெரும்பாலும் அங்கேயே விடை கிடைக்கும். உங்கள் தளத்தின் பெயரில் நீங்கள் எழுதாத பக்கங்கள் தேடலில் வருகின்றனவா என்றும் பாருங்கள். ஜப்பானிய எழுத்தில் ஆயிரக்கணக்கான பக்கங்கள் முளைத்திருந்தால் தளம் ஹேக் ஆகியிருக்கிறது, அதைச் சுத்தம் செய்யாமல் மற்ற எதைச் செய்தாலும் வீண்.

தளத்தின் வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சரிந்ததும் பலர் முதலில் வேகத்தைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள், எண்ணாகத் தெரிவதால் அதைத் துரத்துவது எளிது. வேகம் நல்லதுதான், படிப்பவர்களுக்காகச் செய்யுங்கள். ஆனால் நான்கிலிருந்து 29க்கு விழுந்த பக்கம் வேகத்தால் மட்டும் விழுந்ததாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

## திருத்துவதா, நீக்குவதா?

இந்த இரண்டையும் சேர்த்தே பேச வேண்டும், ஏனென்றால் கோர் அப்டேட்டில் விழுந்தவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

நீக்குவதில் ஒரு கவர்ச்சி இருக்கிறது. 2011 பிப்ரவரியில் பாண்டா அப்டேட் வந்தபோது, தரம் குறைந்த பக்கங்கள் முழுத் தளத்தையும் கீழே இழுக்கும் என்பது எல்லோருக்கும் புரிந்தது, அன்றிலிருந்து "வெட்டினால் வளரும்" என்ற நம்பிக்கை வேரூன்றிவிட்டது. 2022 ஆகஸ்டில் வந்த ஹெல்ப்ஃபுல் கன்டென்ட் அப்டேட், 2024 மார்ச்சில் அது கூகுளின் முதன்மையான ரேங்க் முறையான கோர் அமைப்பிலேயே கலந்தது, இரண்டும் அந்த நம்பிக்கையை இன்னும் பலப்படுத்தின. முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஒரு பக்கம் யாருக்குமே பயன்படவில்லை, தேடலுக்காக மட்டும் ஊரின் பெயரை மாற்றி மாற்றி ஒரே பத்தியை நூறு முறை போட்டிருக்கிறீர்கள் என்றால் அது போகத்தான் வேண்டும்.

ஆனால் பழையது என்பதற்காக நீக்குவது வேறு விஷயம். 2023இல் தொழில்நுட்பச் செய்தித் தளமான சிநெட் ஆயிரக்கணக்கான பழைய கட்டுரைகளை நீக்கியது பெரிய செய்தியானபோது, பழைய உள்ளடக்கம் என்பதாலேயே நீக்க வேண்டியதில்லை என்று கூகுள் தரப்பு வெளிப்படையாகச் சொன்னது. கோர் அப்டேட் பற்றிய அவர்களுடைய ஆவணமும் நீக்குவதைக் கடைசி வழியாகத்தான் வைக்கிறது. நீக்கும்போது கண்ணுக்குத் தெரியாமல் போகிறவை நிறைய. அந்தப் பக்கத்துக்கு வெளியிலிருந்து வந்த லிங்க்குகள் போகும். உள்ளே மற்ற பக்கங்களைத் தாங்கிக்கொண்டிருந்த இணைப்புகள் அறுபடும். மாதம் பத்துப் பேர் மட்டும் வந்தாலும் அந்தப் பத்துப் பேருக்கு வேறு எங்கும் கிடைக்காத விடையாக அது இருந்திருக்கலாம். பிறகு திரும்பப் போட்டாலும் முதலிலிருந்து மதிப்பிடப்படும், பழைய இடம் காத்திருக்காது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தாதீர்கள்.

திருத்துவது மெதுவான வேலை, அதுதான் அதன் செலவு. விழுந்த பட்டியலில் மேலே இருக்கும் பத்துப் பக்கங்களை எடுத்து, அதே தேடலில் இப்போது உங்களுக்கு மேலே இருப்பவர்களின் பக்கங்களோடு வைத்து நேர்மையாகப் படிக்க வேண்டும். அவர்களிடம் இருப்பது என்ன? சொந்தமாகச் செய்துபார்த்த அனுபவமா, படமா, தெளிவான விடை முதல் பத்தியிலேயே இருப்பதா? சில சமயம் அவர்களுடைய பக்கம் உங்களுடையதைவிட நீளம் குறைவாக இருக்கும், விடையை மட்டும் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள், நீங்கள் அதே விடையைச் சொல்ல எட்டுப் பத்தி எடுத்திருப்பீர்கள். அது வலிக்கும், ஆனால் அங்கேதான் திருத்தம் தொடங்குகிறது. ஒரே கேள்விக்கு மூன்று பலவீனமான பக்கங்கள் வைத்திருந்தால் அவற்றை ஒன்றாக்கி, மற்ற இரண்டையும் 301 ரீடைரக்ட் (பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு நிரந்தரமாகத் திருப்பும் வழி) மூலம் அதற்கு அனுப்பலாம். நீக்குவதைவிட இது எவ்வளவோ மேல், லிங்க்குகளும் வீணாகாது.

செய்யக் கூடாத ஒன்று: உள்ளே எதையும் மாற்றாமல் தேதியை மட்டும் புதுப்பிப்பது. தளத்துக்காரர்கள் தங்களையே கேட்டுக்கொள்ளச் சொல்லி கூகுள் தந்திருக்கும் கேள்விகளில் இது நேராகவே வருகிறது.

திருத்திய பலன் சில பக்கங்களில் சில நாட்களிலேயே தெரியலாம், முழுத் தளத்தின் மதிப்பீடு மாறப் பல மாதம் ஆகலாம், அடுத்த கோர் அப்டேட் வரை நகராமலும் இருக்கலாம். அதுவரை தாங்க முடியுமா என்பதுதான் இந்த வழியின் உண்மையான கேள்வி. இருந்தாலும் கோர் அப்டேட்டில் பெரிதாக விழுந்த ஒரு தளத்துக்கு என்னிடம் ஒரே ஒரு வழியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். நகலெடுத்து வைத்துவிட்டு, பக்கம் பக்கமாக, என்ன மாற்றினோம் என்று தேதியோடு குறித்துக்கொண்டு செய்யுங்கள்.

## கெட்ட லிங்க்குகளை மறுப்பது

வெளியிலிருந்து வரும் ஒரு லிங்க்கைக் கணக்கில் எடுக்காதே என்று கூகுளிடம் சொல்லும் டிஸ்அவோ கருவி வந்தது 2012 அக்டோபரில். அதற்கு ஆறு மாதம் முன்பு பெங்குவின் அப்டேட், காசு கொடுத்து லிங்க் வாங்கிய தளங்களை மொத்தமாகத் தள்ளிவிட்டிருந்தது, அன்று அந்தக் கருவி உயிர்காத்தது. 2016 செப்டம்பரில் பெங்குவின் கோர் அமைப்பின் பகுதியானது, அதிலிருந்து போலி லிங்க்கைக் கண்டால் தளத்தைத் தண்டிப்பதைவிட அந்த லிங்க்கின் மதிப்பை ஒதுக்கித்தள்ளுவதே நடைமுறை. உங்கள் தளத்துக்கு எங்கிருந்தோ வரும் குப்பை லிங்க்குகள் எல்லாத் தளத்துக்கும்தான் வருகின்றன. மைக்ரோசாஃப்டின் பிங் தேடுபொறி, தன்னிடம் இருந்த இதேபோன்ற கருவியை 2023இல் எடுத்தே விட்டது.

மேனுவல் ஆக்‌ஷன் பக்கத்தில் "இயல்பற்ற லிங்க்குகள்" என்று வந்திருந்தால் மட்டும் இது சரியான வழி. அப்போதும் முதலில் லிங்க்குகளை நேரில் கேட்டு எடுக்க முயல வேண்டும், எடுக்க முடியாதவற்றை மறுப்புக் கோப்பில் போட்டு, செய்ததை மறைக்காமல் எழுதி மறுபரிசீலனை கேட்க வேண்டும். 2013 கிறிஸ்துமஸ் சமயத்தில் லிங்க் திட்டத்துக்காகத் தண்டனை வாங்கிய பாடல் வரிகள் தளமான ராப் ஜீனியஸ் பத்து நாளில் திரும்பி வந்தது. ஆனால் அவ்வளவு வேகத்தை யாரும் எதிர்பார்க்க வேண்டாம், லிங்க் தொடர்பான பரிசீலனை வாரக்கணக்கில் இழுக்கும்.

மறைமுகச் செலவு: பார்க்கப் பழசாகவோ அழகில்லாமலோ இருக்கும் நல்ல லிங்க்கையும் சேர்த்து மறுத்துவிடுவது. இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். வாங்கிய லிங்க்குகளின் மதிப்பை அமைப்பே பூஜ்யமாக்கியதால் நீங்கள் விழுந்திருந்தால், மறுப்பதால் எதுவும் திரும்பாது. அந்த உயரம் கடன் வாங்கிய உயரம்.

## புது டொமைன்

நள்ளிரவில் எல்லோருக்கும் தோன்றும் யோசனை இது. கணக்கைப் பாருங்கள். பழைய தளத்திலிருந்து 301 போட்டால் நல்லதும் கெட்டதும் சேர்ந்தே வரும், உள்ளடக்கம்தான் பிரச்சினை என்றால் அதே உள்ளடக்கம் அதே பிரச்சினையோடு புது முகவரியில் உட்காரும். 301 போடாவிட்டால் இத்தனை வருடம் சேர்த்த லிங்க்குகளைக் கைவிட்டு வெறும் கையோடு தொடங்குகிறீர்கள். மின்னஞ்சல் முகவரிகள், பயனர்களின் புக்மார்க், மற்றவர்கள் உங்களைக் குறிப்பிட்ட இடங்கள் எல்லாம் மாற வேண்டும். ரீடைரக்டை ஒரு வருடமாவது வைத்திருக்கச் சொல்கிறது கூகுள், அதனால் பழைய டொமைனுக்கான கட்டணமும் தொடரும். ஏற்கெனவே பெயர் வாங்கிய காலாவதி டொமைன் ஒன்றைப் பிடித்து அதில் குடியேறும் யோசனை இருந்தால் கைவிடுங்கள், தேடலில் ஏறுவதற்காக அப்படிச் செய்வதை 2024 மார்ச் முதல் ஸ்பேம் கொள்கையில் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள்.

நீங்கள் வாங்கிய டொமைனுக்கு முன்பு வேறொருவர் செய்த பெரிய மோசடி வரலாறு இருந்து, தளமும் இன்னும் சிறியது, இழக்கப் பெரிதாக ஒன்றும் இல்லை என்றால் மாறலாம். அல்லது தொழிலின் பெயரையே எப்படியும் மாற்றப்போகிறீர்கள் என்றால் மாறலாம், அதுவும் சரிவு நின்ற பிறகு. சரிந்துகொண்டிருக்கும்போது மாறினால் எது எதனால் நடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

## ஆலோசகரை வைப்பது

பல மொழிகளில் ஓடும் தளம், லட்சக்கணக்கான பக்கங்கள், ஜாவாஸ்கிரிப்டில் கட்டிய தளம், இடமாற்றத்துக்குப் பிறகு வந்த சரிவு, இவற்றுக்கு அனுபவமுள்ள ஆள் தேவை, அந்தச் செலவு வீண்போகாது. ஐம்பது பக்கத் தளத்துக்கு அவர் சொல்லப்போவது பெரும்பாலும் மேலே சொன்ன திருத்தும் வேலைதான், அதை உங்கள் விஷயம் தெரிந்த நீங்கள் செய்வதுதான் நல்லது.

முதல் இடத்துக்கு உத்தரவாதம் தருகிறேன் என்பவரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள், அப்படி யாராலும் தர முடியாது. செர்ச் கன்சோலைப் பார்க்காமலே திட்டம் அனுப்புகிறவரும் வேண்டாம். முதலில் வரம்புள்ள அனுமதி மட்டும் கொடுத்து, என்ன காரணம் என்று நினைக்கிறார், எதனால் அப்படி நினைக்கிறார் என்று எழுதி வாங்குங்கள். லிங்க் கட்டப் போகிறார் என்றால் எந்தத் தளத்திலிருந்து என்று கேளுங்கள். அவர் உங்கள் பெயரில் லிங்க் வாங்கினால் மேனுவல் ஆக்‌ஷன் வருவது உங்கள் தளத்துக்கு, அவர் அடுத்த வாடிக்கையாளரிடம் போயிருப்பார்.

## தேடலுக்கு வெளியே வாசகரைத் தேடுவது

இதை அட்டவணையில் சேர்க்கவில்லை, ஏனென்றால் மற்றவற்றுக்கு இது மாற்று இல்லை, எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் நாளிலிருந்தே கூடவே ஓட வேண்டியது. விளம்பரம் போட்டால் ஆட்கள் உடனே வருவார்கள், பணம் நின்றதும் நிற்பார்கள், அதனால் தேடல் ரேங்க் ஏறவும் செய்யாது. விற்க ஏதாவது வைத்திருப்பவருக்கு அது சில மாதம் தாங்க உதவும், விளம்பர வருவாயை மட்டும் நம்பும் தளத்துக்குக் கட்டுப்படியாகாது. மின்னஞ்சல் பட்டியல் மெதுவாக வளரும், ஆனால் அடுத்த கோர் அப்டேட் அதைத் தொடாது.

சரிவுக்குப் பிறகும் பாதிப் பேர் வந்துகொண்டுதானே இருக்கிறார்கள். காத்திருக்கும் நாட்களில் எழுதிய அந்த விழாத பக்கங்களின் பட்டியலை எடுத்து, முதல் ஐந்தில் மட்டும், கட்டுரை முடிகிற இடத்தில், அதே விஷயத்தில் அடுத்து எழுதுவதை மின்னஞ்சலில் அனுப்பட்டுமா என்று கேட்கும் ஒரு சிறு பெட்டியை இன்றைக்கே வையுங்கள்.